இலக்கிய மன்றமும் குறிப்பேடும்

பள்ளிகளில் மன்றங்கள் பல. 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது. தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நான் இலக்கிய மன்றத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதற்குச் சீருடையும் வேண்டா, செலவும் இல்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழியச் செயலாளர் தேர்ந்தெடுக்கப்படுவார். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் மன்றம் கூடும். முதற்கண் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படும்; அவையோர் ஒப்பிய பின்னரே தலைவர் அதில் கையொப்பமிடுவார். இச்சடங்கு எதற்கென்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

நான் செயலாளராக இருந்தபோது, சொற்போரில் மாணவன் ஒருவன் இரண்டே வாக்கியம் பேசி, நா எழாமல் அமர்ந்துவிட்டான். இரக்கங்கொண்டு அவன் பெயரைக் குறிப்பில் சேர்க்காது விட்டேன். அடுத்த வாரம் நான் வாசித்து முடித்ததும் அவன் எழுந்தான்.

"ஐயா, நானும் பேசினேன், குறிப்பில் இல்லை" என்றான்.

தலைமை வகித்த தமிழாசிரியர் தம் பேனாவை என்னிடம் நீட்டினார். அவ்விரு வாக்கியங்களையும் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். இம்முறை தடுமாறவில்லை. அதன் பின்னரே ஆசிரியர் கையொப்பமிட்டார்.