கையிற் கட்டும் கம்பியில்லா அதிர்வுக் கருவி
கந்தளாய் வயற்காவலுக்கு அதனை அமைத்தல் கூடுமா?

நெல்லை விளைவித்தல் எவ்வளவு கடினமோ, விளைந்த நெல்லைக் காத்தலும் அவ்வளவு கடினமாகும். கதிர் பால்பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை முடியும் வரை கந்தளாய்ப் பகுதிக் கமக்காரர் பலர் இரவைக் காவற் குடிலிலும் பரணிலும் கழிக்கின்றனர். வாழை, பூசணி, சோளம் முதலியன பயிரிடுவோர் நிலையும் இதுவே. காட்டு யானை வரம்பைக் கடந்த பின்னர் விழிப்பவன் பயிரை இழப்பான். சில வேளைகளில் உயிரையும் இழப்பான். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் மனிதருக்கும் யானைகளுக்குமிடையே நிகழும் இப்போராட்டத்தினால் 150க்கு மேற்பட்ட மக்களும் 450க்கு மேற்பட்ட யானைகளும் மாண்டனர்.

தூங்குபவனுக்கு எச்சரிக்கை எட்டவேண்டும் என்பதைக் கந்தளாய் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் திகதி அதிகாலையில் குளத்து அணைக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய பேரிடரை அறிவிப்பது அரசின் பெரிய ஏற்பாடுகளுக்குரிய பணி. இங்கு ஆராயப்படுவது அதனினும் சிறியதொன்று: தனியொரு காவலாளியை அவனுடைய மணிக்கட்டில் தட்டி எழுப்பும் சிறு கருவியை நாமே அமைத்தல் கூடுமா என்பதாகும்.

அதிர்வு எதற்கு?

மணியோசை மழையிலும் இடியிலும் நீரிறைக்கும் இயந்திரத்தின் இரைச்சலிலும் அமிழ்ந்துவிடும். செவிப்புலன் குன்றிய முதியோருக்கு அது பயன்படாது. உடலிற் படும் அதிர்வோ இருளிலும் இரைச்சலிலும் ஒன்றுபோலவே உணரப்படும். மனிதத் தோல் விநாடிக்கு 200 முதல் 300 தடவை வரையான அதிர்வை மிக நன்றாக உணரும் இயல்புடையது.

கைத்தொலைபேசியை அதிரச் செய்யும் மோட்டாரே இதற்குப் போதும். காசு வடிவினதான அது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் ஒரு கிராம் அளவு நிறையும் உடையது. அதனுள் ஒரு பக்கம் மாத்திரம் பாரமான சில்லு ஒன்று சுழலும். பாரம் நடுவிலின்றி ஓரத்தில் இருப்பதால் சுழலுந்தோறும் கருவி முழுவதும் உதறும். நிமிடத்துக்கு 12,000 சுற்று எனின் விநாடிக்கு 200 அதிர்வாகும். ஆகவே அதிர்வை உண்டாக்குவதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. இடர்ப்பாடு ஏனைய மூன்றிலேயே உள்ளது.

முதலாவது: மின்சாரம்

கருவியின் மின்சாரத்தைப் பெரிதும் உண்பது அதிர்வு என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறு விதமாக உள்ளது. மோட்டார் சுழலும்போது ஏறத்தாழ 80 மில்லியம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஓரிரவில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஆறு விநாடி அதிர்ந்தாலும் மொத்தம் ஒரு நிமிடமே. அதற்குச் செலவாவது 1.3 மில்லியம்பியர்-மணி மாத்திரம். ஆனால் செய்தி வருமோ என்று இரவு முழுவதும் காத்திருக்கும் எளிய வானொலி ஏற்பி 5 மில்லியம்பியர் கொள்ளுமாயின், 12 மணி நேரத்தில் 60 மில்லியம்பியர்-மணி செலவாகும். அதிர்வதிலும் கேட்டிருப்பதே செலவு மிக்கது.

கைக்கடிகாரத்துக்கு இடுவது போன்ற பெரிய காசுக் கலம் ஏறத்தாழ 220 மில்லியம்பியர்-மணி கொண்டது; மூன்று இரவுகளிற் சோர்ந்துவிடும். அன்றியும் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை ஒருங்கே தர அதனால் இயலாது. தொலைக்காட்சித் தொலையியக்கிக்கு இடும் மெல்லிய உலர்மின்கலம் இரண்டு சேர்த்தால் பதினைந்து இரவுகளுக்கு மேல் ஓடும். மீண்டும் மின்னேற்றத்தக்க சிறு கலமும் தகும். ஏற்பியை ஒவ்வொரு விநாடியிலும் நூறில் ஒரு பங்கு நேரம் மாத்திரம் விழித்துக் கேட்குமாறு அமைத்தாற் செலவு மிகக் குறையும். அவ்வாறு செய்யின், அனுப்பி தன் செய்தியை ஒரு விநாடிக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் வேண்டும். இல்லையேல் ஏற்பி தூங்கும் வேளையிற் செய்தி கடந்துபோகும்.

இரண்டாவது: தூரம்

இத்தகைய சிறு கருவிகளிற் பெரும்பாலும் காணப்படும் 433 மெகாஹேட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதன் காற்பங்கான 17 சென்ரிமீற்றர் ஏரியற் கம்பி வேண்டும். மணிக்கட்டில் அதனை நேராக நிறுத்துதல் இயலாது. சுருட்டி வைத்தால் திறன் குன்றும். மனித உடலும் ஈர இலைகளும் அலையை உறிஞ்சும். எனவே வயலின் எல்லையிலிருந்து நேரே மணிக்கட்டுக்குச் செய்தி அனுப்புவது நம்பத்தக்கதன்று.

இதற்குத் தக்க வழி இடையில் ஒரு நிலையம் வைத்தலாகும். காவற் குடிலின் கூரைமேல் உயர்ந்த ஏரியலும் பெரிய பற்றரியும் உடைய ஏற்பி ஒன்றை வைக்கவேண்டும். எல்லையிலிருந்து வரும் செய்தியை அது பெற்று, சில மீற்றர் தூரத்திலுள்ள மணிக்கட்டுக் கருவிக்கு மீள அனுப்பும். அப்போது கையிற் கட்டுவது உண்மையிலேயே சிறியதாக இருக்கலாம். உபயோகிக்கும் அலைவரிசையும் வலுவும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினால் அனுமதிக்கப்பட்டவையா என்பதை முதலில் அறிந்துகொள்ளல் அவசியம்.

மூன்றாவது: மௌனம் பாதுகாப்பாகாது

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கருவி அதிரவில்லையெனின் யானை வரவில்லை என்று பொருளா? பற்றரி தீர்ந்திருக்கலாம், ஏரியல் முறிந்திருக்கலாம், யானையே அனுப்பியை மிதித்து நொறுக்கியிருக்கலாம். கருவியை நம்பி உறங்குபவன், கருவியின்றி விழித்திருப்பவனிலும் பெரிய ஆபத்திலுள்ளான்.

ஆகவே கருவி பின்வருமாறு அமைதல் வேண்டும்:

1. எல்லையில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதனூடாக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் ஓடுமாறு செய்தல். கம்பி அறுந்தவுடன் செய்தி பிறக்கும். கம்பி தானாகப் பழுதுற்றாலும் செய்தி பிறக்கும்.

2. ஆபத்து இல்லாதபோதும் அனுப்பி நிமிடத்துக்கு ஒருமுறை ‘நலம்’ எனும் குறியை அனுப்புதல். மூன்று குறிகள் தொடர்ந்து தவறின் கையிலுள்ள கருவி அதிர்தல்.

3. அதிர்வுகளை வேறுபடுத்துதல். மூன்று குறுகிய அதிர்வு எனின் கம்பி அறுந்தது. ஒரு நீண்ட அதிர்வு எனின் அனுப்பி மௌனமாயிற்று. இரு குறுகிய அதிர்வு எனின் பற்றரி தளர்ந்தது.

மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கும் யானை 200 மீற்றரை ஏறத்தாழ இரண்டரை நிமிடத்திற் கடந்துவிடும். எனவே கம்பியைக் குடிலிலிருந்து இயன்றவரை தூரத்தில், நாயும் எருமையும் அறுக்காத உயரத்திற் கட்டுதல் நன்று. வீண் எச்சரிக்கை மிகுந்தாற் காவலாளி கருவியைக் கழற்றி வைத்துவிடுவான்.

கடும் எச்சரிக்கை

இக்கம்பிக்கு உலர்மின்கலத்தின் 3 வோல்ற்று மாத்திரமே போதும். வீட்டு மின்சாரத்தை எக்காரணங் கொண்டும் வயற்கம்பிக்கு இணைத்தலாகாது. அது சட்டவிரோதமானது; யானையையும் அயல் வயற்காரரையும் சொந்தப் பிள்ளையையும் வேறுபாடின்றிக் கொல்லும். அனுமதி பெற்ற யானை வேலியின் கம்பியோடும் இக்கருவியை இணைத்தலாகாது.

வால்பாறையின் படிப்பினை

தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நேச்சர் கன்சர்வேசன் பவுண்டேசன் எனும் நிறுவனம் யானைகள் நிற்குமிடத்தைக் குறுஞ்செய்தி மூலம் மக்களுக்கு அறிவிக்கும் முறையை ஏற்படுத்தியது. தொலைபேசி அழைப்பினால் ஒளிரும் சிவப்பு விளக்குகளும் அங்கு நிறுவப்பட்டன. இப்பணிக்காக ஆனந்த குமார் 2015ஆம் ஆண்டில் விட்லி விருது பெற்றார். அங்கு கருவிகள் எளியவை. யானையைக் கண்டவர் உடனே அறிவித்ததும், அறிவிப்பைப் பெற்றவர் அவ்வழியைத் தவிர்த்ததுமே பயன் தந்தன. யானையை விரட்டுவதற்கன்று, யானைக்கும் மனிதனுக்கும் இடையே தூரத்தை உண்டாக்குவதற்கே எச்சரிக்கை பயன்பட்டது.

முடிவு

கையிற் கட்டும் அதிர்வுக் கருவியை அமைத்தல் கூடும். மோட்டாரும் கலமும் வானொலித் துண்டுகளும் கடைகளிற் கிடைப்பவையே; மின்னணுப் பயிற்சியுள்ள இளைஞர் ஒருவர் அவற்றைப் பொருத்திவிடலாம். எனினும் தனது பழுதைத் தானே அறிவிக்காத கருவியை எவரும் காவலுக்கு ஏற்றலாகாது.

அயல் வயற்காரர் நால்வர் ஐவர் ஒன்றுசேர்ந்து ஒரு கருவியை அமைத்து, ஒரு போகம் முழுவதும் வழக்கமான இராக்காவலைக் கைவிடாது சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு மாலையும் கம்பியை ஒருமுறை கழற்றிப் பார்த்து மணிக்கட்டு அதிர்கிறதா என்று அறிதல் வேண்டும். அதிர்ந்தாற் செய்யவேண்டியது, இருளில் யானையை நோக்கித் தனியே ஓடுதலன்று. அயலாரை எழுப்பி, பாதுகாப்பான இடத்தில் நின்று, வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு அறிவித்தலேயாம்.

பயிர் போயின் அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். கமக்காரன் உயிரோடு இருத்தலே முதல் விளைச்சல்.