ரிச்சர்ட் மான்ட்கோமரி (கப்பல்)

எஸ்.எஸ். ரிச்சர்ட் மான்ட்கோமரி என்பது இங்கிலாந்தில் தேம்சு ஆற்றின் கழிமுகத்தில் 1944ஆம் ஆண்டு தரைதட்டி உடைந்த அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஆகும். ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இன்னும் இதன் முன்புறச் சரக்கறைகளில் உள்ளது. ஷீர்னஸ் நகரிலிருந்து சுமார் 2.4 கிலோமீட்டர், சவுத்எண்ட் நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் சிதைவு கிடக்கிறது. அதன் கம்பங்கள் ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் நீருக்கு மேலே தெரியும். கரையில் நிற்பவர்களும் அவற்றைப் பார்க்கலாம். மெட்வே ஆற்றுக்குச் செல்லும் கப்பல் வழித்தடம் இதிலிருந்து சுமார் 250 மீட்டர் தூரத்திலேயே அமைந்துள்ளது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,700க்கும் மேற்பட்ட ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்களை அவசர அவசரமாகக் கட்டியது. அவற்றுள் ஒன்றான இக்கப்பல் 1943இல் புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் கட்டப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் கியூபெக் நகரைத் தாக்கியபோது உயிரிழந்த தளபதி ஒருவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

1944 ஆகத்து மாதம் 6,000 டன்னுக்கும் கூடுதலான வெடிபொருட்களுடன் இது அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. பிரான்சின் செர்பூர் துறைமுகம் செல்லும் கப்பல் அணியில் சேர்வதற்காகத் தேம்சு கழிமுகத்தில் காத்திருந்தது.

தரைதட்டல்

ஷீர்னஸ் மத்திய மணல்திட்டின் வடக்கு ஓரத்தில் நங்கூரமிடுமாறு துறைமுக அதிகாரிகள் உத்தரவிட்டனர். பாரம் ஏற்றிய நிலையில் கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் 31 அடி வரை இறங்கியிருந்தது. ஆகத்து 20 அன்று நங்கூரம் இழுபட்டுக் கப்பல் மணல்திட்டில் ஏறியது. அங்கு நீரின் ஆழம் 24 அடி மட்டுமே. அருகிலிருந்த கப்பல்கள் சங்கொலி எழுப்பியும் பயனில்லை. அப்போது கப்பல் தலைவர் உறக்கத்தில் இருந்தார். பின்னர் நடந்த விசாரணை, ஒதுக்கப்பட்ட இடமே பொருத்தமற்றது என்று கூறியது. 

ஓதம் இறங்கியதும் கப்பலின் முதுகு முறிந்தது. ஆகத்து 23 முதல் கப்பலிலிருந்த பாரந்தூக்கிகளைக் கொண்டே சரக்கை வேறு கலங்களுக்கு மாற்றினர். மறுநாளே உடற்பகுதியில் விரிசல் பெருகி முன்புற அறைகளில் நீர் புகுந்தது. பின்புற அறைகளைக் காலி செய்து முடித்த நிலையில், செப்டம்பர் 25 அன்று பணி கைவிடப்பட்டது. அதன்பின் கப்பல் இரண்டாகப் பிளந்தது.

ஏன் அகற்றப்படவில்லை?

ஒவ்வொரு தலைமுறையிலும் எழும் கேள்வி இது. இதற்கான விடையில் கீல்செ என்ற போலந்துக் கப்பலுக்குப் பெரும் பங்குண்டு. 1946இல் போக்ஸ்டன் நகருக்கு அப்பால் மூழ்கிய அக்கப்பலிலும் வெடிபொருட்கள் இருந்தன. 1967இல் அதைச் சுத்தம் செய்ய முயன்றபோது வெடித்துச் சிதறிக் கடலடியில் சுமார் 6 மீட்டர் ஆழப் பள்ளத்தை உண்டாக்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கீல்செ கரையிலிருந்து தள்ளி, ஆழமான நீரில் கிடந்தது; அதிலிருந்த வெடிபொருளும் மான்ட்கோமரியில் இருப்பதைவிட மிகக் குறைவு.

மான்ட்கோமரி முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தால் சுமார் 300 மீட்டர் அகலமும் 3,000 மீட்டர் உயரமும் கொண்ட நீர்த்தூணும், 5 மீட்டர் உயர அலையும் எழும் என 1970இல் அரச இராணுவ அறிவியல் கல்லூரி கணக்கிட்டது. அத்தகைய வெடிப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது பிரித்தானிய அரசின் நிலைப்பாடு.

இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. குண்டுகளில் நிரப்பப்பட்ட டி.என்.டி. நீரில் எளிதில் கரையாது. தானாக வெடிக்கும் இயல்பும் இல்லாதது. ஐயம் எழுவது வெடிதூண்டி பொருத்தப்பட்ட நிலையிலேயே ஏற்றப்பட்ட சிதறு குண்டுகளைப் பற்றியே. வெடிதூண்டியிலுள்ள ஈய அசைடு ஈரத்துடன் வினைபுரிந்து, பித்தளையிலுள்ள செம்புடன் சேர்ந்தால் செப்பு அசைடு உருவாகக்கூடும். அது சிறு அதிர்வுக்கே வெடிக்கும் சேர்மம். நீர் முழுமையாகப் புகுந்த தூண்டிகள் செயலிழந்திருக்கும் என்றும் கருதப்படுகிறது. அறைக்குள் சென்று பார்க்காமல் இதை உறுதிசெய்ய முடியாது. சென்று பார்ப்பதே ஆபத்து என்பதுதான் சிக்கல்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

1973ஆம் ஆண்டின் சிதைவுக் கப்பல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது ஆபத்தான சிதைவாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் மிதவைகள் இடப்பட்டுள்ளன. எழுத்துமூல அனுமதியின்றி அந்த எல்லைக்குள் நுழைவது குற்றம். கம்பங்களில் எச்சரிக்கைப் பலகைகளும் உள்ளன. ரேடார் மூலம் 24 மணி நேரமும் கண்காணிக்கப்படுகிறது. இவை வெறும் சடங்கல்ல: கிரெயின் தீவிலுள்ள முனையத்திற்குத் திரவ இயற்கை எரிவாயு ஏற்றிய பெருங்கப்பல்கள் அருகிலுள்ள வழித்தடத்தில்தான் செல்கின்றன. தடம் தவறும் கப்பலொன்று மோதுவதே பெரிய அச்சம். 2025 முதல் சிதைவுக்கு மேலே தாழ்வாகப் பறப்பதற்கும் தடை உள்ளது.

ஒலியலைக் கருவிகளால் நடத்தப்படும் ஆய்வுகள் எஃகுத் தகடுகள் அரிப்பதையும் விரிசல்கள் வளர்வதையும் காட்டுகின்றன. கம்பங்களின் எடை பலவீனமான உடற்பகுதியை அழுத்துகிறது. அவை முறிந்து வெடிபொருட்கள் மேல் விழவும் கூடும். எனவே அவற்றை வெட்டிக் குறைக்கும் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது. அப்பணி அதன்பின் பலமுறை தள்ளிப்போடப்பட்டது.