கேஸ் எங்கே போனது?

தெங்கேரா பக்கம் எந்த வர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும்: "ஏர்கோன்ல கேஸ் முடிஞ்சிருச்சு அண்ணே, டாப்-அப் பண்ணிருவோம்." நாமும் தலையாட்டுவோம். பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் காடி ஜில்லென்று ஆகிவிடும். சில மாதம் போனால் மறுபடியும் அதே வசனம். பெட்ரோல் தீர்வதுபோல கேஸும் தீரும் என்று நாம் நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. கிணற்று வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும், மொண்டுகொண்டு ஏறும், கொட்டும், திரும்ப இறங்கும். நீர்தான் இடம் மாறுகிறது. வாளி அதே வாளி. இங்கே நீருக்குப் பதில் சூடு. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை மொண்டுகொள்கிறது. கம்ப்ரெசர் அதை அழுத்தி, காரின் முன்மூக்கில் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டைக் கொட்டிவிட்டு, திரவமாகித் திரும்புகிறது.

ஆகவே கேஸ் குறைந்திருந்தால் அது வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு என்று போர்மன் சொல்வார். அதுவும் உண்மைதான். ஆனால் எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் போட்ட விதி, ஒரே கூலிங் காயில் உள்ள காருக்கு ஆண்டுக்கு 40 கிராம் கசிவை உச்சவரம்பாக வைத்தது. சின்னக் காரில் மொத்தமே 400, 500 கிராம்தான் கேஸ். அந்த உச்சவரம்பிலேயே கசிந்தாலும் குளிர் குறைவது நமக்கு உறைக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். மாதக்கணக்கில் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை.

(காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றின் ஈரம் கூலிங் காயிலில் பட்டுத் தண்ணீராகி வடிகிறது. கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

மீட்டரை மாட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நம் ஊர் வெயிலில் மீட்டரைப் பார்த்தால் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். உள்ளே பாதி கேஸ் போயிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான். கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் வேறு கேள்வி கேட்டுவிட்டோம்.

சரி, ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி கண். கம்ப்ரெசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும். எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஓடிய காராக இருந்தால் இன்னும் வசதி: குழாய் இணைப்பில் செந்நிறப் பிசுக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெங்கேரா, கிளேபாங் போன்ற கடலோரப் பகுதிக் கார்களுக்குக் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். தெறிக்கிற கல்லும் அங்கேதான் படும். கேஸ் அடிக்கும் வால்வின் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வால்வு டயர் வால்வின் வகையைச் சேர்ந்தது. மூடிதான் அதற்கு இரண்டாவது காவல்.

அடுத்தது சோப்பு நுரை. பெரிய ஓட்டைக்குச் சரி, சின்னதற்கு உதவாது. பழைய காலத்துக்காரர்கள் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். கசிவுள்ள இடத்தில் அதன் சுடர் பச்சையாகும். 1985-இல் முதல் புரோட்டோன் சாகா வந்த காலத்தில் கார்களில் இருந்த கேஸ் ஆர்-12. அதிலுள்ள குளோரின்தான் சுடரைப் பச்சையாக்கியது. அதே குளோரின் ஓசோன் படலத்தை அரித்ததால் 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1989-இல் மலேசியாவும் சேர்ந்தது. பின்னால் வந்த ஆர்-134ஏ-யில் குளோரின் இல்லை; அந்த விளக்குக்கு வேலை போயிற்று.

அதன் இடத்தில் இப்போது மோப்பக் கருவி. ஆண்டுக்குச் சில கிராம் கசிவைக்கூடப் பிடித்துவிடும், பிடிக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால். இந்த கேஸ் காற்றைவிட மூன்றரை மடங்கு கனம், கீழே இறங்கும். ஆகவே இணைப்பின் அடிப்பக்கம் மெதுவாக நகர்த்த வேண்டும். காத்தாடி ஓடினால் கேஸ் கலைந்துவிடும். கூலிங் காயில் சந்தேகமா? உடனே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் சொட்டுகிற குழாய் வாயில் கருவியைக் காட்டினால் போதும். எண்ணெயில் சாயம் கலந்து, கொஞ்சநாள் ஓட்டிவிட்டு, புறஊதா விளக்கடித்துப் பார்ப்பதும் உண்டு.

வெக்கம் (உள்ளே வெற்றிடம்) இழுத்துப் பார்த்தோம், நிற்கிறது, ஓட்டை இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. வெக்கம் எவ்வளவு இழுத்தாலும் அழுத்த வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. ஓடும்போதோ ஒரு பக்கம் 200 பி.எஸ்.ஐ. உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வெக்கத்தில் உள்ளே இழுபட்டு இறுகிக்கொள்ளும் ஓ-ரிங், ஓட்டத்தில் வாய்திறக்கும். உலர்ந்த நைட்ரஜனை அடித்துச் சோதிப்பது எவ்வளவோ மேல். ஓட்டையை அடைக்கும் டப்பா மருந்தையும் தொடாதீர்கள். அது கம்ப்ரெசரையும் அடைக்கக்கூடும்.

ஓட்டையை அடைத்த பிறகு டிரையரை மாற்றச் சொல்லுங்கள். ஈரத்தை உறிஞ்சும் குப்பி அது. பிறகு வெக்கம், உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் இழுக்க அது வேண்டும். கேஸ் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்காமல் தராசைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அழுக்கேறியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் படிக்கலாம்.