பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது! புல்தரையில் குட்டி விமானம் எப்படி நிற்கிறது?

மழை தூறும் நாளில் மூலனூரிலிருந்து தாராபுரத்துக்கு பைக்கில் போனவர்களுக்கு இது தெரியும். தார் ரோட்டில் பிடிப்பதுபோல் ஓரத்து ஈரப் புல்லில் பிரேக் பிடித்தால், வண்டி நிற்காது, வழுக்கும். பைக்குக்கே இப்படியென்றால், அதைவிட வேகமாகப் புல்தரையில் வந்து இறங்கும் குட்டி விமானம் எப்படி நிற்கும்?

பிரேக்கே இல்லாத விமானம்

நம் நாட்டு ஃபிளையிங் கிளப்களில் பலர் பறக்கக் கற்றது 'டைகர் மாத்' விமானத்தில். அதன் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது! வாலுக்கு அடியில் இருக்கும் சறுக்குக்கட்டை தரையை உரசித்தான் வேகம் குறையும்.

1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு மும்பை ஜுஹுவில் வந்து இறங்கியது 'பஸ் மாத்' விமானத்தில். அதில் சக்கரக் கால்களின் மேலுறையைக் குறுக்காகத் திருப்பி, காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தது. அதாவது, தரையைத் தொடும் முன்பே வேகம் குறைய வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

எப்போது பிரேக் பிடிக்கலாம்?

சக்கரம் தரையைத் தொட்டாலும், இறக்கைகள் விமானத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். முழு எடையும் சக்கரத்துக்கு வந்திருக்காது. அந்த நொடியில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் இறுகி, விமானம் சறுக்கும். வால் சக்கரம் உள்ள விமானமாக இருந்தால், மூக்கு குத்தி விசிறி மண்ணில் மோதவும் வாய்ப்பு உண்டு. அதனால் பைலட்டுகள் எடை சக்கரத்தில் இறங்கும்வரை பொறுத்து, பிறகு மெதுவாக அழுத்துவார்கள்.

கணக்கு இதுதான்

பிரிட்டன் விமானத்துறையின் வழிகாட்டுதல்படி, காய்ந்த புல்லில் இறங்க 15 சதவிகிதம், ஈரப் புல்லில் 35 சதவிகிதம் கூடுதல் தூரம் வேண்டும். புல் குட்டையாகவும் ஈரமாகவும் இருந்தால் 60 சதவிகிதம்வரைகூட ஆகலாம். காய்ந்த தார் ஓடுதளத்தில் 400 மீட்டரில் நிற்கும் விமானத்துக்கு இங்கே 640 மீட்டர் தேவைப்படலாம்!

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 சதவிகிதம் கூடுதல் வேகத்தில் வந்தால், தூரம் சுமார் 20 சதவிகிதம் கூடிவிடும். பின்னாலிருந்து காற்று அடித்தாலும், தரை சரிவாக இருந்தாலும் இன்னும் கூடும்.

முடிவு வானத்திலேயே!

அதனால், குட்டையான புல்தரையில் இறங்கும் பைலட், 'இந்த இடத்துக்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும்' என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வார். அதைத் தாண்டிவிட்டால், 'பிரேக் பார்த்துக்கொள்ளும்' என்று இறங்கக் கூடாது. இன்ஜினை முழு வேகத்துக்குக் கொடுத்து மறுபடி மேலேறி, ஒரு சுற்று வந்து இறங்க வேண்டும். இதைத்தான் 'கோ அரவுண்ட்' என்கிறார்கள். தயங்கித் தயங்கிப் பாதித் தரையைத் தாண்டிய பிறகு மேலேற முயன்றால், எதிரே நிற்கும் வேலியையும் மரத்தையும் தாண்ட இடம் இருக்காது.

நாம் போகும் பெரிய விமானங்களிலும் இதே விதிதான். தரையை நெருங்கிய விமானம் திடீரென மேலே ஏறினால் பதறாதீர்கள். பைலட் சரியான நேரத்தில் சரியான முடிவை எடுத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருங்கள்!