பட்டனை அழுத்தாதவர்கள்

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் அத்தைக்கு வயது 78. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அபாய பட்டன் ஒன்றை அவர் மகன் வாங்கிக் கொடுத்திருந்தான். அழுத்தினால் ஐந்து பேருக்கு போன் போகும். போன மாதம் ஒரு விடியற்காலையில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பட்டன் பூஜை அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பால்காரர் வந்து குரல் கொடுக்கும் வரை மூன்று மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

"ஏன் அத்தை அதை மாட்டிக்கல?" என்று கேட்டேன். "குளிக்கப் போறப்ப யாராவது அதை மாட்டிப்பாங்களா? கையில இருந்தாலும் அழுத்தியிருக்க மாட்டேன்டா. அந்த நேரத்துல யாரைப் போய் எழுப்புறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் தேடிப் படித்தபோது, அத்தை விதிவிலக்கே இல்லை என்று தெரிந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஃப்ளெமிங், பிரெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. அந்த ஒரு வருடத்தில் 60 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுந்தார்கள். விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு முறையாவது தானாக எழ முடியாமல் போனது. 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அபாய பட்டன்கள் அங்கே பரவலாக இருந்தவைதான். இருந்தும், தனியாக விழுந்து எழ முடியாமல் போனவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பட்டனைப் பயன்படுத்தவில்லை!

தரையில் கிடப்பது சாதாரண விஷயம் இல்லை. நேரம் ஆக ஆக உடம்பில் நீர் வற்றும், அழுத்தப் புண் வரும், நசுங்கிய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். விழுந்த அடியைவிடக் கிடந்த நேரம் அதிகக் கேடு செய்வதும் உண்டு.

அப்படியிருந்தும் ஏன் அழுத்துவதில்லை? எப்படியாவது தானே எழுந்துவிடலாம் என்ற எண்ணம். அடுத்தவருக்குத் தொந்தரவு ஏன் என்ற கூச்சம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் திரும்பி வீட்டுக்கு வருவோமா என்ற பயம். கொஞ்சம் யோசித்தால் பட்டனின் சிக்கல் புரியும். அது வேலை செய்ய வேண்டுமானால், 'நான் ஆபத்தில் இருக்கிறேன், என்னால் தனியாக முடியாது' என்று ஒருவர் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கை ஏந்தாதவருக்கு அது எவ்வளவு கஷ்டம்! (இந்தியாவில் முதியோருக்கென்று 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. நல்ல சேவைதான். ஆனால் அங்கேயும் போனை எடுத்துக் கூப்பிட வேண்டியது அவரேதான்.)

இதைத் தலைகீழாக யோசித்த ஓர் உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1996இல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து, பல நாட்கள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. நாட்டையே உலுக்கிய சம்பவம். அதன்பின் உருவான யோசனையை ஜோஜிருஷி என்ற பாத்திர நிறுவனம் 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஐ-பாட். ஆப்பிளின் பாட்டுப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள், இது வெந்நீர் கெட்டில்!

ஜப்பானியப் பெரியவர்கள் ஒரு நாளைக்குப் பல முறை டீ குடிப்பார்கள். கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், அதற்குள் இருக்கும் சிறு கருவி செல்போன் வலையமைப்பு வழியாகத் தகவல் அனுப்பும். வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நாளைக்கு இரண்டு முறை மின்னஞ்சல் வரும். காலையில் கெட்டில் தொடப்படவில்லை என்றால் அதுவே செய்தி. அம்மா எதையும் அழுத்த வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம், டீ குடித்தால் போதும். கேமரா மாதிரி உறுத்தலும் இல்லை.

குறையும் உண்டு. தகவல் அரை நாள் தாமதமாகலாம். காலை டீ குடித்துவிட்டு விழுந்தவரை அது உடனே காட்டிக்கொடுக்காது. அதனால் பட்டனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மயங்காமல், தயங்காமல் அழுத்தக்கூடியவருக்கு அதைவிட வேகமானது வேறில்லை.

கெட்டிலுக்கு முன்பே ஜப்பானில் இந்த வேலையை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். 1972இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமாவில், வீடு வீடாக யாகுல்ட் விற்கும் ஒரு பெண், தனியாக இருந்த முதியவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் இறந்ததைக் கேள்விப்பட்டு, தன் பகுதியின் முதியவர்களுக்குத் தன் செலவில் பாட்டில் கொடுத்து நலம் விசாரிக்க ஆரம்பித்தார். பிறகு உள்ளாட்சிகள் கைகொடுக்க, அது நாடெங்கும் பரவியது. நேற்று வைத்த பாட்டில் இன்றும் வாசலில் இருந்தால் உள்ளே போய்ப் பார்ப்பார்கள். கெட்டில் செய்யாத ஒன்று இதில் இருக்கிறது: கதவைத் தட்டும் ஆள். கெட்டில் மகனுக்குச் சொல்லும், மகன் ஒசாகாவில் இருப்பான். அம்மா வீட்டுக் கதவை யார் திறப்பது?

அத்தை வீட்டில் கெட்டில் கிடையாது, ஃபில்டர் காபிதான். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு வாசல் கோலத்தைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இத்தனை நாள் நாங்கள் அதற்கு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவோம். அவர் விழுந்த அன்றும் படம் வரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. இப்போது ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருக்கிறோம். மாற்றுச் சாவி ஒன்று எதிர் வீட்டு அக்காவிடம் இருக்கிறது. ஏழரைக்குள் கோலம் வராவிட்டால் முதல் போன் அவருக்குத்தான்.