ஒன்பதாவது மைல் புல்வெளி யாருடையது?

சிங்காநல்லூரில் விடியற்காலையில் காரைக் கிளப்பினால், மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக மதியத்துக்குள் ஊட்டியைத் தாண்டிவிடலாம். கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைலில் இறங்குகிறவர்களுக்கு அது 'ஷூட்டிங் மேடு'. எத்தனையோ பாட்டுகளில் பார்த்த அதே பச்சைச் சரிவு. பிள்ளைகள் உருண்டு விளையாடும் அந்த மேடு, வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளியின் ஒரு துண்டு. 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அதற்கு.

சினிமா வருவதற்கு வெகு காலம் முன்பே இது பொழுதுபோக்குக் களமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் தங்கிய ஆங்கில அதிகாரிகள் ஒரு வேட்டைக் குழு அமைத்தார்கள். தங்கள் நாட்டில் செந்நரியைத் துரத்தியவர்கள், இங்கே நம் ஊர் நரியைத் துரத்தினார்கள். கொம்பு ஊதும் சத்தம், குரைத்துக்கொண்டு ஓடும் நாய்கள், பின்னால் பாய்ந்து வரும் குதிரைகள். வேலியில்லாத அரசு நிலம் அந்த ஆட்டத்துக்குத் தோதாக அமைந்தது.

ஆனால் அது ஆளில்லாத நிலம் அல்ல. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இடம். தோடர் எருமையை நம் கொங்குப் பட்டிகளில் காணமுடியாது. பிறை நிலாவைப்போல் அகன்று வளைந்த கொம்பு, தடித்த உடம்பு. அந்நியர் வாடை பட்டால் தலையைத் தூக்கி நின்று முறைக்கும். அதன் பாலைச் சுற்றித்தான் தோடர்களின் கோயிலும் சடங்கும் மந்து என்னும் குடியிருப்பின் வாழ்க்கையும் சுழல்கின்றன. மரபாகப் புலால் உண்ணாதவர்கள், வேட்டையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில்தான் வேட்டைக்காரர்கள் குதிரை ஓட்டினார்கள்.

இந்தக் கதையில் கோயம்புத்தூருக்கும் பங்குண்டு. நீலகிரி அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்துத் தோடர்களிடம் நிலம் வாங்கினார். நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று மேலிடத்திடம் விடாமல் வாதாடினார். கிழக்கிந்திய கம்பெனி அதை ஏற்கவில்லை. மேய்க்கும் உரிமை மட்டுமே தோடர்களுக்கு, நிலம் சர்க்காருக்கு என்று முடிவானது. காலங்காலமாக அங்கே இருந்தவர்கள் அந்த ஒரு முடிவால் அனுமதியின் பேரில் இருப்பவர்களானார்கள்.

வேட்டைக்காரர்களுக்கோ அமைப்பும் சட்டமும் கிடைத்தன. கண்மூடித்தனமாகச் சுட்டதில் வரையாடுகள் குறைந்துபோக, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தப் பருவத்தில் சுடக்கூடாது, யாருக்கு உரிமம் என்றெல்லாம் வரையறுத்த அந்தச் சட்டத்தால் விலங்குகளுக்கு நன்மை உண்டு. மேய்ப்பவரின் குரலுக்குத்தான் அதில் இடமில்லை.

வேறு நாடுகளில் இதே சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள்? அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு டெய்லர் மேய்ச்சல் சட்டம், அரசு நிலத்தில் மேய்க்க அனுமதி பெறுவதால் நிலம் சொந்தமாகிவிடாது என்கிறது. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் வருபவர்களுக்கு வழி விடவும் சொல்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இன்னும் நுணுக்கமாகப் போனது. அங்கே அரசு மேய்ச்சல் நிலத்துக்கு வேட்டைக்குப் போகிறவர் முதலில் அதன் குத்தகைதாரரைத் தொடர்புகொள்ள வேண்டும். அவரும் காரணமின்றி மறுக்க முடியாது. ஆனால் வேலிக்குள் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தால், வராதே என்று சொல்லலாம். நீலகிரியில் தோடருக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இருந்ததில்லை.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பொழுதுபோக்கு வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. அதற்குள் புல்வெளியே சுருங்கியிருந்தது. விறகுக்கும் ஆலைக்குமாக நட்ட சீகையும் கற்பூர மரமும் சரிவுகளை மூடின. எருமைகளும் குறைந்தன. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர்தான்.

மேய்ச்சலை ஒரு சமூகத்தின் உரிமையாக எழுதிவைத்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலையும் இப்போது நீலகிரியில் நடக்கிறது. மீளும் சரிவில் எந்த மந்தின் எருமைகள் மேயும், சுற்றுலா வண்டிகள் எங்கே நிற்கும் என்பதை மந்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிவைக்க இதுவே நேரம். சீகை வெட்டிய மண்ணில் முதல் மழைக்குப் புல் தலைகாட்டும்போது எருமைகள் அங்கே தாமாகவே வந்து நிற்கும்.