டைல்ஸ் மேல பழி போடாதீங்க, கீழ தோண்டிப் பாருங்க

இன்னிக்கு கோடிங் இல்ல, தரை. ஓசூர்ல அப்பாவோட பி.எஃப். பணத்துல கட்டின வீடு. குடிவந்து ரெண்டு வருஷம் ஆகல, ஹால்ல விரிசல். வாசல்ல ஆரம்பிச்சு கிச்சன் வரைக்கும் ஆறு டைல்ஸைத் தாண்டி ஒரே கோடு. "மட்டமான டைல்ஸை எடுத்துட்டோம்டா"ன்னு சொல்லி, அப்பா கடைக்காரர்கிட்ட சண்டைக்கே கிளம்பிட்டார்.

ஒரே ஒரு டைல் உடைஞ்சிருந்தா, கனமா ஏதாவது விழுந்திருக்கலாம். ஆனா விரிசல் அடுத்தடுத்த டைல்ஸ்ல தொடர்ந்து ஓடினா, பெரும்பாலும் அது கீழ இருக்கிற கான்கிரீட்டோட விரிசல்தான். பெயர்த்துப் பார்த்தோம். நேர் கீழே கான்கிரீட் பிளந்திருந்தது. அதுக்கும் கீழே, தண்ணி பைப்புக்காகத் தோண்டின பள்ளம். உள்ளே உடைஞ்ச செங்கல், காலி சிமெண்ட் பை.

தரைத்தளத்துல பேஸ்மென்ட் மண், அதுமேல ஜல்லி கான்கிரீட், அப்புறம் கலவை, கடைசியில டைல்ஸ். வீட்டு டைல்ஸோட தடிமன் சாதாரணமா 8லிருந்து 10 மில்லிமீட்டர். பாரத்தைத் தாங்கும், ஆனா வளைஞ்சு கொடுக்காது. கீழே ஒரு பக்கம் மண் இறங்கினா உடையத்தான் செய்யும். அதனால மண்ணை மொத்தமா கொட்டிட்டு மேலாக்க திமிசு போட்டா பத்தாது. அரையடி அரையடியா கொட்டி, தண்ணி விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். பைப் பள்ளத்துக்கும் இதே கதைதான். அங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க.

அடுத்து, தண்ணி. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். அது சுருங்கி முடியறதுக்குள்ள டைல்ஸ் ஒட்டினா, அந்த இழுப்பு டைல்ஸுக்கும் போகும். ஐ.எஸ். 456 விதிப்படி, பி.பி.சி. மாதிரி கலப்பு சிமெண்ட்டுன்னா குறைஞ்சது 10 நாள் ஈரமா வைக்கணும். வெயில் காலத்துல 14 நாள். ஓசூர் குளுகுளுன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க, காத்தடிச்சாலே ஈரம் போயிடும். முடிஞ்சா 28 நாள் விட்டுட்டு டைல்ஸ் வேலையை ஆரம்பிங்க.

ஒட்டறதுக்கு முன்னாடி தூசியைக் கூட்டிட்டு மட்டப்பலகை வச்சுப் பாருங்க. பெரிய டைல்ஸுன்னா 3 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல மேடுபள்ளம் கூடாது. விட்ரிஃபைட் டைல் தண்ணியை ரொம்பக் கம்மியாத்தான் உறிஞ்சும், அதனால சிமெண்ட் பால் சரியா பிடிக்காது. டைல் அட்ஹெசிவ் வாங்குங்க. ஸ்பேசர் இல்லாம நெருக்கிப் போட்டாத்தான் அழகுன்னு மேஸ்திரி சொன்னா கேக்காதீங்க. சுவரோரத்துலயும் கொஞ்சம் இடைவெளி விடணும், ஸ்கர்ட்டிங் அதை மறைச்சிடும்.

"கிரானைட் போட்டிருக்கலாம்ல?"ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கிருஷ்ணகிரி மாவட்டத்துல கிரானைட்டுக்கா பஞ்சம்? ஆனா தடிமனா இருக்கறதால கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். அடியில மண் இறங்கினா அதுவும் பிளக்கும்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் தம்பி"ன்னார் புதுசா வந்த மேஸ்திரி. நாங்க ஒத்துக்கல. அந்தப் பட்டையை மட்டும் உடைச்சு, பள்ளத்தைச் சுத்தமா வழிச்சு, மண்ணை அடுக்கடுக்கா இடிச்சு, கான்கிரீட் போட்டு, 14 நாள் ஈரச்சாக்கு போட்டோம். அத்தனை நாளும் கிச்சனுக்குப் பின்வாசல் வழியாத்தான் போனோம், அம்மாகிட்ட தினமும் திட்டு. அதே டிசைன் டைல்ஸ் கடையில தீர்ந்துபோச்சு. முதல்லயே ஒரு பெட்டி கூடுதலா வாங்கி வச்சிருக்கணும். இப்ப எங்க ஹால் நடுவுல வேற நிறத்துல ஒரு பட்டை ஓடுது.